இல்ல அண்ணாச்சி, பந்தப் பாக்காதிய

திருப்பூரில் என் முகத்துக்கு நேராக ‘இல்லை’ என்று சொன்னவர்கள் இரண்டே பேர்தான். ஒருவர், நான் முதல் மெஷின் வாங்கக் கடன் கேட்டுப் போனபோது இருந்த வங்கி மேனேஜர். அவர் பிற்காலத்தில் தன் மகனுக்கு வேலை கேட்டு என் ஆபீஸ் சோபாவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். வேலை கொடுத்தேன். இன்னொருவர் என் கம்பெனியில் செக்கிங் மாஸ்டராக இருந்தவர். தைத்து வரும் பனியன்களை டியூப்லைட்டுக்குக் கீழே விரித்துப் பார்த்து, பழுதானதைத் தள்ளுகிற வேலை. அவர் ஒரு தடவையோடு நிறுத்தவில்லை. ஆறு வருஷம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எனக்கு ‘இல்லை’ சொன்னார். அதுவும் கால்பந்து விஷயத்தில்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. குண்டடத்திலிருந்து பஸ் ஏறி வந்து, பனியன் கம்பெனியில் டெய்லருக்குத் துணி கைமடித்துக் கொடுக்க உட்கார்ந்து, டெய்லராகி, இரண்டு மெஷின் சொந்தமாகப் போட்டு, இன்றைக்கு வீரபாண்டியில் என் கம்பெனிப் பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரர் வழி கேட்க மாட்டார். சரக்கு வாங்க எந்த நாட்டுப் பையர் வந்தாலும் துணியை இரண்டு விரலில் தடவிப் பார்த்தே எத்தனை கிராம் என்று சொல்லிவிடுவேன். அவர்கள் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள். பெருமைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. இப்படிப்பட்ட ஆள் எதைப் பேசினாலும் சுற்றி இருப்பவர்கள் தலையாட்டத்தான் செய்வார்கள். என் மேனேஜர் நான் வாயைத் திறக்கும் முன்பே ‘ஆமாங்க’ என்றுவிடுவார். நான் என்ன சொல்ல வந்தேன் என்று எனக்கே சில நேரம் மறந்துவிடும்.

என் மனைவி தவறிய பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் இருப்பு கொள்ளவில்லை. பெரியவன் கோயமுத்தூரில் தனியாகக் குடிபோய்விட்டான். சின்னவன் பெங்களூரில், வெளிநாட்டுப் பையர்களுக்குச் சரக்குப் பிடித்துக் கொடுக்கும் பையிங் ஆபீஸ் வைத்திருக்கிறான். நாலு மணி ஆனால் காரை எடுத்துக்கொண்டு, பூட்டிக் கிடக்கும் கம்பெனிக்குப் போவேன். வேலை இருப்பதாக வாட்ச்மேனிடம் சொல்லிக்கொள்வேன். ஒரு நாள் அப்படிப் போனபோது ரிசப்ஷனில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. சோபா சும்மா இருக்க, இந்த மாஸ்டர் தரையில் ஒரு காலை நீட்டி உட்கார்ந்து மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தார். மேல்மாடியில் வெளியூர் ஆட்கள் தங்கும் அறையில் அவருக்கு ஒரு கட்டில். என்னைக் கண்டதும் எழப் பார்த்தார். நீட்டிய முழங்கால் சட்டென்று மடங்கவில்லை. உட்காரச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு நானும் உட்கார்ந்தேன்.

எனக்குக் கால்பந்து தெரியாது. ஆனால் தெரியாத விஷயத்தில் கருத்துச் சொல்லாமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை. பத்து நிமிஷம் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

“ஏனுங்க மாஸ்டர், கோல் அந்தப் பக்கம் இருக்குது. இவனுக எதுக்குங்க பின்னாடி பின்னாடியே தட்டிட்டு இருக்கறானுக? எடுத்து ஒரே அடியா முன்னாடி அடிச்சா ஆகாதுங்களா?”

“இல்ல அண்ணாச்சி” என்றார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். “நீங்க பந்தப் பாக்கிய. பந்தப் பாக்காதிய. அந்த ஓரத்துல ஒருத்தன் சும்மா ஓடுதான் பாருங்க. அவனப் பாருங்க.”

கம்பெனியில் எல்லோருக்கும் நான் முதலாளி. இவர் ஒருவருக்குத்தான் அண்ணாச்சி. கன்னியாகுமரிக் கடலோரத்துக்காரர், வாயில் அப்படித்தான் வரும். அவர் சொன்ன ஓரத்தைப் பார்த்தேன். உண்மையிலேயே ஒருத்தன் பந்தும் இல்லாமல் பரபரவென்று ஓடினான். அவனைக் காவல் காக்க எதிராளி ஒருவன் பின்னால் ஓடினான். அவன் நகர்ந்த இடத்தில் ஒரு சந்து விழுந்தது. அந்தச் சந்தில் வேறொருத்தன் பந்தோடு புகுந்து அடித்தான், கம்பத்தில் பட்டுத் திரும்பியது.

“அடிச்சது வேற ஆளுங்களே” என்றேன், விட்டுக்கொடுக்காமல்.

“அடிக்குதவன் கடைசி ஆளு அண்ணாச்சி.”

அவருடைய மொத்தக் கால்பந்தும் இந்த ஒரு வரிதான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். பந்து வைத்திருப்பவனை அவர் பார்க்கவே மாட்டார். மற்ற ஆட்கள் எங்கே நிற்கிறார்கள், யார் யாருக்காக ஓடுகிறான், யார் ஓடுவதை நிறுத்திவிட்டான் என்பதிலேயே அவர் கண் இருக்கும். கோல் விழும்போது ஊரே கத்தும். இவர் திரையில் வேறு ஒரு மூலையைப் பார்த்துக்கொண்டு, யாரோ ஒருத்தனுக்கு மெல்லத் தலையசைப்பார்.

அதற்குப் பிறகு ஞாயிறு என்றால் மேட்ச்தான். எதிர் பேக்கரியிலிருந்து டீயும் தேங்காய் பன்னும் வந்துவிடும். மேனேஜரும் கொஞ்ச நாள் வந்தார், பாதி ஆட்டத்தில் தூங்கிவிடுவார் என்பதால் நானே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நாங்கள் இருவரும் சண்டை போட்டது பெரும்பாலும் கோச்சுகளைப் பற்றி. எனக்குக் கோட்டோரம் நின்று கத்துகிற கோச்சைப் பிடிக்கும், முதலாளி என்றால் அப்படி இருக்க வேண்டும். அவருக்குக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற கோச்சைத்தான் பிடிக்கும். ஆட்டம் முடிய இருபது நிமிஷம் இருக்கையில் முன்வரிசை ஆளை ஒரு கோச்சு வெளியே எடுத்தால், கோழை என்று நான் திட்டுவேன். இல்ல அண்ணாச்சி, அவன் ஓட்டத்தை நிறுத்திப் பத்து நிமிஷமாச்சு என்பார் அவர். சரி, அடுத்த வாரம் வேறொரு கோச்சு நாலு பேரை ஒன்றாக முன்னால் அனுப்பினானே, அவனையாவது மெச்சலாம் என்று பார்த்தால் அதற்கும் மறுப்பு.

“நாலு பேரும் ஒரே எடத்துல நிக்குதானுவ. அது அட்டாக் இல்ல அண்ணாச்சி, ரேஷன் கடை வரிசை.”

வாய்ப்பேச்சில் தீராவிட்டால் பேக்கிங் செக்‌ஷனிலிருந்து ஒரு கை சைஸ் லேபிளை அள்ளி வருவார். பனியன் கழுத்தில் தைக்கிற சின்னத் துண்டுகள். எக்ஸ்எல் லேபிள் கோல் கீப்பர். மீடியம் என் ஆட்கள், ஸ்மால் அவர் ஆட்கள். நான் பத்து மீடியத்தையும் முன்னால் தள்ளி வைப்பேன். அவர் ஒரே ஒரு ஸ்மாலை விரல் நுனியில் எடுத்து, என் பக்கம் காலியாகக் கிடக்கும் மேஜை நெடுக நிதானமாக நடத்திக்கொண்டு வந்து என் எக்ஸ்எல்லை முட்டுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“எனக்கு மறுத்துப் பேசோணும்னே பேசறீங்களா மாஸ்டர்?” என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு, “இல்ல அண்ணாச்சி” என்றார். அதற்கும் இல்லைதான்.

ஊரில் அவர் இடது ஓரம் ஆடியவராம். அவர்கள் கடற்கரையில் தெருவுக்கு ஒரு டீம் இருக்குமாம். கல்யாணத்துக்கு முன்பே முழங்கால் போய்விட்டது. எத்தனை கோல் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். அதை எண்ணவில்லை, ஆனால் தான் ஓடிக் கொடுத்த இடத்தில் யார் யார் கோல் போட்டார்கள் என்று வேண்டுமானால் சொல்கிறேன் என்றார். சொல்லவும் ஆரம்பித்தார். பெயர் பெயராக, எந்த மூலையில் என்பது வரைக்கும்.

கம்பெனி வேலையிலும் அதே கண்தான். ஒரு ஆர்டரில் பனியனின் அடிமடிப்பில் வரிசையாக ஊசி ஓட்டை விழுந்திருந்தது. மடிப்பு அடித்தது மூலனூரிலிருந்து வந்த ஒரு பெண். நல்ல வேலைக்காரி. ஆனால் பழுது அவள் மெஷினில்தானே விழுகிறது, மெஷின் வரிசை முழுக்கக் கேட்கும்படி சத்தம் போட்டுவிட்டேன். அவள் மெஷினை நிறுத்திவிட்டுத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். மாஸ்டர் காலை இழுத்துக்கொண்டு வந்தார். என் காதருகே குனிந்து, அவளைப் பார்க்காமல் அவளுக்கு முன்னால் இருக்கிற ஆளை அரைமணி நேரம் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். முன்னால் இருந்தவன் தைத்ததை ஒவ்வொன்றாக நகர்த்தாமல், சேர்த்து வைத்து மொத்தமாகத் தள்ளினான். இவள் சும்மா இருந்து சும்மா இருந்து, குவியல் வந்ததும் பதறித் துணியை இழுத்துத் தைத்தாள். இழுத்த துணியில் ஊசி இறங்கினால் ஓட்டை விழத்தானே செய்யும். முப்பது வருஷத் தொழில் எனக்கு. நான் ஓட்டையைத்தான் பார்த்தேன். அந்தப் பெண்ணிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை, முன்னால் இருந்தவனை இடம் மாற்றினேன். அது போதும் என்று நினைத்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் மனைவியின் காரியத்தன்று வீடு நிறைய ஆட்கள். எல்லோரும் என்னைச் சூழ்ந்து நின்று ஆறுதல் சொன்னார்கள், எம்எல்ஏ கூட வந்திருந்தார். இந்த மாஸ்டர் வந்தவர் என் பக்கமே வரவில்லை. எனக்கு அது மனதில் தைத்தது. இரண்டு வருஷம் கழித்துச் சின்னவன் போனில் ஏதோ பேச்சில் சொன்னான், அன்றைக்குக் கார் ஷெட்டுக்குப் பின்னால் அவன் தனியாக நின்று அழுதபோது மாஸ்டர்தான் கூட வந்து நின்றாராம். அந்தக் கூட்டத்தில் என் மகன் எங்கே என்று எனக்குத் தெரியாது. தேடவும் இல்லை.

எங்கள் கம்பெனிக்கு ஒரு டீம் வைக்கலாம் என்றது நான்தான். பனியன் கம்பெனிகளுக்குள் ஞாயிறு போட்டி நடத்துவதாகச் சில முதலாளிகள் பேசினார்கள், நான் பின்தங்குவேனா. ஒடிசாப் பையன்கள் நாலு பேர், மணிப்பூர் இரண்டு, வங்காளம் இரண்டு, மாஸ்டர் ஊர்ப்பக்கம் மூன்று என்று ஆள் சேர்ந்தது. ஜெர்சி நம் கம்பெனியிலேயே தைத்தோம். அந்தப் போட்டியில் அவ்வளவு நல்ல துணி வேறு யாரும் போடவில்லை. கோச்சு மாஸ்டர். காலையில் ஷிப்டுக்கு முன்னால் பயிற்சி. ஒரு நாள் போய்ப் பார்த்தேன். பதினோரு பேரும் பந்தில்லாமல் ஓடிக்கொண்டிருந்தார்கள். பந்து ஓரமாகக் கிடந்தது. வாங்கிக் கொடுத்த பந்தை எதற்கு ஓரம் வைத்திருக்கிறீர்கள் என்றேன். அது எப்பவும் இருக்கும் அண்ணாச்சி என்றார். தமிழும் இந்தியும் அவரவர் பாஷையுமாக அந்தப் பையன்கள் மைதானத்தில் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டு ஓடியதை இப்போது நினைத்தாலும் நன்றாகத்தான் இருக்கிறது. அன்றைக்கு அதை நான் சொல்லவில்லை.

இறுதிப் போட்டி வரைக்கும் வந்துவிட்டோம். பல்லடம் ரோட்டில் ஒரு பள்ளிக்கூட மைதானம். முதலாளிகளுக்கெல்லாம் ஷாமியானா போட்டு நாற்காலி. முதல் பாதியில் இரண்டு பக்கமும் கோல் இல்லை. நம் பையன்கள் பந்தை வைத்துக்கொண்டு தட்டித் தட்டி நகர்த்தினார்கள். எதிர் டீமின் முதலாளி, எனக்கு மாமன் முறை ஆகிறவர், முறுக்கைக் கடித்துக்கொண்டே என் பக்கம் சாய்ந்தார்.

“மாப்ள, உங்க பசங்க பந்துக்கு வலிக்காம ஆடறாங்க. கோல் போடறது நாளைக்குங்களா?”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை.

எங்கள் தொழிலில் ஷிப்டுக் கூலி ஒன்று, பீஸ் ரேட் ஒன்று. பீஸ் ரேட் என்றால் தைத்த உருப்படிக்குக் கூலி. மந்தமான ஆளைக்கூட பீஸ் ரேட்டில் உட்கார வைத்தால் கை பறக்கும். நான் இந்தக் கம்பெனியைத் தூக்கி நிறுத்தியதே அப்படித்தான். இடைவேளையில் நேராக மைதானத்துக்குள் போனேன். பையன்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் மண்ணில் குச்சியால் ஏதோ கோடு போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். நான் அந்தக் கோட்டின் மேலேயே நின்று, இனிமேல் கோலுக்குப் பீஸ் ரேட், எவன் அடிக்கிறானோ அவனுக்கு என்று அறிவித்தேன். தமிழில் ஒரு தடவை, எனக்குத் தெரிந்த இந்தியில் ஒரு தடவை. பையன்கள் முகம் மாறியது எனக்குத் தெரிந்தது. பீஸ் ரேட்டில் உட்காரும்போது பார்த்த அதே முகம்.

“அண்ணாச்சி, வேண்டாம்” என்றார் மாஸ்டர். “பந்து குடுக்குதவனுக்கு என்ன ரேட்டு? பின்னால நிக்குதவனுக்கு என்ன ரேட்டு?”

அத்தனை பேர் முன்னால். ஷாமியானாவிலிருந்து எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரிசப்ஷன் டிவிக்கு முன்னால் சொன்னால் அது வேறு.

“மாஸ்டர், கம்பெனி என்னுது, டீமும் என்னுது. நீங்க செக்கிங்கப் பாருங்க, போதும்.”

அவர் குச்சியைக் கீழே போட்டார். தட்டித் துடைத்த கையோடு, காலை இழுத்துக்கொண்டு, கோச்சு நிற்கிற பக்கத்தை விட்டு எதிர்ப்பக்கம் போய்ப் பார்க்க வந்தவர்களோடு உட்கார்ந்துகொண்டார்.

இரண்டாவது பாதி தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே ஒரு கோல் போட்டோம். ஒருத்தன் பாதி மைதானத்திலிருந்து கண்ணை மூடிக்கொண்டு அடித்தான், உள்ளே போய்விட்டது. நான் எதிர்ப்பக்கம் அவரைத்தான் பார்த்தேன், பார்த்தீங்களா என்று. அவர் கண் வேறெங்கோ இருந்தது. அதற்குப் பிறகு நடந்ததை நீட்டிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. கிடைத்த இடத்திலிருந்தெல்லாம் அடித்தார்கள். ஒருத்தன் காலில் இருந்த பந்தை அவன் டீம் ஆளே வந்து பிடுங்கினான். பின்வரிசைக்காரர்கள் நாலு பேரும் மெல்ல மெல்ல முன்னால் வந்துவிட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, நின்ற இடத்தில் அவர்களுக்குக் கூலி இல்லை. கடைசியில் கோல் கீப்பரும் நடுக்கோட்டுக்கு வந்து நின்றான். மூன்று கோல் வாங்கினோம். மாமன் எனக்கு ஒரு முறுக்கு கொடுத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தால் என்ன பேசுவது என்று மூன்று நாள் யோசித்து வைத்திருந்தேன். முதல் கோல் என் ரேட்டால்தான் விழுந்தது, பையன்களுக்குப் பயிற்சி பத்தவில்லை, இப்படி ஒரு ஏழெட்டுக் காரணம். அவர் சரியான நேரத்துக்கு வந்தார். அதே இடத்தில் காலை நீட்டி உட்கார்ந்தார். டீ குடித்தார். ஆட்டம் நடந்தது. ஒரு கோச்சு முன்வரிசை ஆளை மாற்றினான். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, மாத்துனது தப்புதானுங்களே என்று ஆரம்பித்தேன்.

“ஆமா அண்ணாச்சி. தப்புதான்.”

எனக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக என் கருத்து எடுபட்டது. அந்த ஆட்டத்தில் இன்னும் நாலு கருத்துச் சொன்னேன். நாலும் சரியாகவே இருந்தன. வீட்டுக்குக் காரில் திரும்பும்போதுதான் அது என் மேனேஜர் சொல்கிற ‘ஆமாங்க’ என்று புரிந்தது. ரயில்வே கேட்டில் வண்டியை நிறுத்திவிட்டு, கேட் திறந்த பிறகும் அப்படியே இருந்தேன். பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

அதன் பிறகு வேண்டுமென்றே அபத்தமாகப் பேசிப் பார்த்தேன். கீப்பரை எடுத்துவிட்டுப் பதினோரு பேரும் முன்னால் போனால் என்ன என்றுகூடக் கேட்டேன். போலாம் அண்ணாச்சி என்றார். கோபம் முகத்தில் துளியும் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் சமாளித்திருப்பேன், கோபப்பட்ட ஆட்கள் எத்தனையோ பேரை இந்தக் கையால் சமாளித்திருக்கிறேன். வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. பழுதான பனியனைத் தள்ளி வைத்தார், நல்லதை அனுப்பினார். ஆனால் என் காதருகே குனிந்து எதையும் சொல்ல வரவில்லை. ஒரு வார்த்தை ‘நான் அன்னைக்குச் சொன்னது தப்புங்க மாஸ்டர்’ என்று நான் சொல்லியிருக்கலாம். பல தடவை வாய்வரை வந்தது. அந்த நேரம் பார்த்து டிவியில் யாராவது கோல் போட்டுவிடுவார்கள். அல்லது அப்படி நானே சொல்லிக்கொள்கிறேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பியவர், கண் சரியில்லை, டியூப்லைட் வெளிச்சத்தில் இனி முடியாது என்று சொல்லி நின்றுகொண்டார். முறையாக வந்து சொல்லிவிட்டுத்தான் போனார். வாசல் வரை போய் வழியனுப்பினேன். யாருக்கும் நான் அப்படிச் செய்வதில்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு. ரிசப்ஷனில் நான் மட்டும். ஒரு கோல் முன்னிலையில் இருந்த டீமின் கோச்சு, ஆட்டம் முடிய அரைமணி இருக்கும்போதே பத்துப் பேரையும் பின்னால் இழுத்து நிறுத்திவிட்டான். போனை எடுத்து மாஸ்டருக்கு அடித்தேன். எடுத்தார். பின்னணியில் கடல் காற்று இரைந்தது. உடம்பு எப்படி, பேரன் பேத்தி எப்படி என்று விசாரித்தார். ஆட்டம் பார்க்கிறீர்களா என்றேன். பாத்துக்கிட்டுதான் இருக்கேன் என்றார்.

“இந்தக் கோச்சு எல்லாத்தையும் பின்னாடி நிறுத்திட்டானுங்க மாஸ்டர். கெட்டிக்காரனுங்க. இப்படித்தான் ஆடோணும். என்ன சொல்றீங்க?”

“சரிதான் அண்ணாச்சி.”

இரண்டு பக்கத்து டிவியிலும் ஒரே சத்தம் கேட்டது. பிறகு நான் ஆரம்பித்தேன். இல்லீங்க மாஸ்டர், நான் சொன்னது தப்புங்க என்றேன். பத்துப் பேரும் பின்னால் நின்றால் பந்தைத் தட்டிவிட்டாலும் வாங்க ஆளில்லை, திரும்பத் திரும்ப எதிராளியிடமே போகும் என்றேன். வலது ஓரத்தில் அந்த ஏழாம் நம்பர் பையன் இதுவரை ஓடிய ஓட்டமெல்லாம் வீண், அவனை இப்படி நிறுத்தி வைத்தால் அவன் கால் மட்டுமல்ல, மனசும் நின்றுவிடும், அதை இந்தக் கோச்சு கவனிக்கவில்லை, ஷாமியானாவில் இருக்கிறவனுக்குப் பயந்து ஆட்டத்தை மாற்றுகிறவன் எல்லாம் ஒரு கோச்சா என்றேன். ஆட்டம் முடிகிற வரைக்கும் விடாமல் பேசினேன். என் வாழ்நாளில் கால்பந்தைப் பற்றி அவ்வளவு சரியாக நான் பேசியதில்லை. அந்தப் பக்கம் ம், ம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு மூச்சு வாங்கியது. நிறுத்திவிட்டு, போனைக் காதில் அழுத்திக் காத்திருந்தேன்.

“அதுவும் சரிதான் அண்ணாச்சி” என்றார்.